'இல்லை' என்பதையும் எழுதிவை, தங்கச்சி!

மருத்துவமனை மருந்தகத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பை ஏற்கும் முதல் வாரத்தில் உனக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார்கள். ராக், ஃப்ரிட்ஜ், வெப்பநிலை சார்ட், இன்டென்ட் புத்தகம், நார்கோட்டிக் அலமாரி, எக்ஸ்பைரி பெட்டி. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று மாத்திரை வரைக்கும் கணக்கு இருக்கும். ஆனால் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க முடியாமல் போனது எவ்வளவு என்ற கணக்கு மட்டும் பெரும்பாலான இடங்களில் இருக்காது. அக்கா சொல்லும் முதல் வேலை இதுதான். ஒரு நீள நோட்டு வாங்கி, இன்றைக்கே அந்தக் கணக்கைத் தொடங்கு.

அதில் என்ன எழுத வேண்டும்? தேதி, நேரம், வார்டு. மருந்தின் ஜெனரிக் பெயரோடு ஸ்ட்ரெங்த்தும் வடிவமும். எத்தனை கேட்டார்கள், எத்தனை கொடுத்தோம். கடைசிக் கட்டத்தில் நோயாளிக்கு என்ன ஆனது என்று எழுது. மாற்று கொடுத்தோமா, பாதிதான் கொடுத்தோமா, வெளியே வாங்கினார்களா, சிகிச்சை தள்ளிப்போனதா, கிடைக்கவே இல்லையா? எழுத நேரமில்லாத நாளில்கூட இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதே. 'செஃப்ட்ரியாக்ஸோன் 10 நாள் இல்லை' என்று நிர்வாகத்திடம் சொன்னால் தலையாட்டுவார்கள். 'அந்த 10 நாளில் இத்தனை பேர் வெளியே வாங்கினார்கள், இத்தனை பேருக்கு முதல் டோஸ் தாமதமானது' என்று காட்டினால்தான் உட்கார்ந்து பேசுவார்கள்.

இந்த நோட்டுக்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. ஒரு மருந்து இரண்டு வாரம் இல்லை என்றால், டாக்டர்கள் அதை எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள். இல்லாததை எழுதி என்ன பயன் என்று நினைப்பது இயல்புதானே. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. யாரும் கேட்கவில்லை, அதனால் தேவையில்லை என்று அது முடிவுகட்டும். அடுத்த கொள்முதல் அந்தக் கணக்கின்படி போகும், மருந்து இன்னும் குறைவாக வரும், பற்றாக்குறை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வார்டுக்கும் போய், 'இருந்திருந்தால் எழுதியிருப்பீர்களா, எத்தனை பேருக்கு?' என்று சிஸ்டரிடமும் டியூட்டி டாக்டரிடமும் கேட்டு எழுதிவை. சீட்டு எழுதப்படாமல் போன தேவையை வேறு எந்த வழியிலும் பிடிக்க முடியாது.

சராசரி உன்னை ஏமாற்றும்

இப்போது ஒரு கணக்கு. பேனா எடுத்துப் போட்டுப் பார். ஒரு ஊசி மருந்து ஆறு மாதத்தில் 2,400 ஆம்பூல் செலவாகியிருக்கிறது. ஆறால் வகுத்தால் மாதம் 400. எல்லோரும் இப்படித்தான் வகுப்பார்கள். ஆனால் உன் ஸ்டாக் புத்தகத்தைப் புரட்டினால், அந்த ஆறு மாதத்தில் 61 நாள் அந்த மருந்து கையிருப்பிலேயே இல்லை என்று தெரிகிறது. மாதத்துக்கு 30.5 நாள் என்று வைத்தால் அது முழுசாக இரண்டு மாதம். அப்படியானால் அந்த 2,400 ஆம்பூலும் நான்கு மாதத்தில் தீர்ந்தவை. உண்மையான மாதத் தேவை 600.

400 என்று நம்பி அடுத்த ஆறு மாதத்துக்கு மறுபடி 2,400 வாங்கினால், 3,600 தேவைப்படும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதாவது, போன முறை எத்தனை நாள் இல்லையோ, கிட்டத்தட்ட அதே அளவு நாள் இந்த முறையும் இருக்காது. தயாரிப்பு நிறுவனத்தின் மேலும் தவறில்லை, ஸ்டாக்கிஸ்ட் மேலும் தவறில்லை. நம் வகுத்தல் கணக்கிலேயே அந்தப் பற்றாக்குறை உட்கார்ந்திருக்கிறது. மொத்தச் செலவை, மருந்து இருந்த மாதங்களால் மட்டும் வகு. பாதிக்கு மேற்பட்ட காலம் மருந்து இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கையும் நம்பாதே. மருந்து ஒழுங்காக இருந்த முந்தைய ஆண்டின் அதே மாதங்களை எடுத்துக்கொள்.

ஆனால் திருத்திய சராசரியையும் நம்பக் கூடாத மருந்துகள் சில உண்டு. அட்ரோபினைச் சொல்கிறேன், இது நம்மூரில் உயிர்ப் பிரச்சினை. பூச்சிமருந்து குடித்துவிட்டு வரும் நோயாளிக்கு முதலில் 1.8 முதல் 3 மி.கி. வரை அட்ரோபின் ஏற்றுவார்கள். ஒரு ஆம்பூலில் 0.6 மி.கி.தான் என்பதால் அதற்கே மூன்று முதல் ஐந்து ஆம்பூல் ஆகிவிடும். நுரையீரல் தெளிந்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிப்பார்கள். ஐந்து, பத்து, இருபது, நாற்பது என்று போனால் கால் மணி நேரத்தில் 75 ஆம்பூல். அதற்குப் பிறகு தொடர்ந்து சொட்டாக ஏற்ற வேண்டும். மாதம் 100 ஆம்பூல்தான் செலவு என்று சராசரி சொல்கிறதே என்று 150 வைத்திருந்தால், ஒரே இரவில் இரண்டு பேர் வந்தால் என்ன செய்வாய்? இந்த மாதிரி மருந்துக்கு 'ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைச் சமாளிக்க வேண்டும்' என்று கேஷுவாலிட்டி டாக்டரிடம் கேட்டு, அதிலிருந்து அளவைக் கட்டு. பிராலிடாக்ஸிமும் அப்படித்தான்.

பாம்புக்கடி மருந்துக்கும் இதே வழி. தொடக்கத்திலேயே 10 வயல், ரத்தம் உறையாத கேஸ் என்றால் 30 வயல் வரை போகலாம். கடிகள் ஆண்டு முழுக்க ஒரே சீராக வருவதில்லை. மழைக்காலத்திலும், வயலில் ஆட்கள் இறங்கும் அறுவடைக் காலத்திலும் கூடும். அதனால் கடந்த மூன்று மாதச் செலவைப் பார்க்காமல், போன ஆண்டு இதே பருவத்தைப் பார். இந்த மருந்து நினைத்த மாத்திரத்தில் தயாரித்துவிடக்கூடியதும் அல்ல. பாம்பின் நஞ்சை எடுத்து, குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அந்த நஞ்சின் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பல காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மக்களின் கைத்திறமையிலிருந்து உன் ஃப்ரிட்ஜ் வரைக்கும் அவ்வளவு நீளமான பாதை. எங்கே தடங்கல் வந்தாலும் கடைசியில் உன் வாசலில்தான் தெரியும்.

எது பற்றாக்குறை என்று முதலில் முடிவு செய்

'இப்போது எத்தனை மருந்து ஷார்ட்டேஜ்?' என்று கண்காணிப்பாளர் கேட்பார். ஒருவர் பன்னிரண்டு என்பார், இன்னொருவர் நாற்பது என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ராக் காலியானதை மட்டும் எண்ணுகிறார், மற்றவர் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனதையும் சேர்த்து எண்ணுகிறார். அதனால் எழுத்தில் ஒரு வரையறை வேண்டும். நான் மூன்றாகப் பிரிப்பேன். அறவே இல்லாதது, இருக்கிறது ஆனால் அடுத்த சரக்கு வரும்வரை தாங்காதது, இல்லை ஆனால் டாக்டர்கள் ஒப்புக்கொண்ட மாற்று கையில் உள்ளது. மாதா மாதம் ஒரே வரையறையில் எண்ணினால்தான் நிலைமை மேம்படுகிறதா மோசமாகிறதா என்று சொல்ல முடியும்.

இரண்டாவது வகையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மேலே சொன்ன அதே ஊசியை எடுத்துக்கொள்வோம். மாதம் 600 என்றால் ஒரு நாளைக்கு 20. கையில் 450 இருக்கிறது, ராக் நிறைவாகத் தெரிகிறது. ஆனால் அது 22 நாளுக்குத்தான் வரும். ஆர்டர் போட்டால் சரக்கு வர 30 நாள் ஆகும் என்றால், ராக் நிறைந்திருக்கும் இன்றைக்கே நீ பற்றாக்குறைக்குள் இருக்கிறாய். வீட்டில் கேஸ் தீர்ந்து அடுப்பு அணைந்த பிறகா சிலிண்டருக்குப் புக் செய்கிறோம்? ஒவ்வொரு முக்கிய மருந்துக்கும் 'இந்த எண்ணுக்குக் கீழே போனால் அன்றே ஆர்டர்' என்று ராக்கிலேயே ஒட்டிவை. அந்த எண்ணைக் கட்டும்போது சரக்கு வரச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்காதே, கடந்த ஓராண்டில் மிக அதிகமாக எத்தனை நாள் ஆனது என்று பார். 45 நாள் ஆகியிருந்தால் 45 பெருக்கல் 20, 900. அதற்கு மேல் ஒரு மாத இருப்பு 600. ஆக 1,500. பணம் முடங்குகிறது என்று அக்கவுண்ட்ஸில் முகம் சுளிப்பார்கள். எல்லா மருந்துக்கும் இப்படி வைக்க முடியாது என்பதும் நியாயம்தான்.

அதற்குத்தான் வி.இ.டி. பிரிப்பு. வைட்டல், எசென்ஷியல், டிசையரபிள். படிக்கும்போது பரீட்சைக்காக எழுதியிருப்பாய், இப்போது உண்மையாகச் செய். உன் பட்டியலில் 600 மருந்து இருந்தாலும், டாக்டர்களோடு உட்கார்ந்து முப்பதைத் தேர்ந்தெடு. அட்ரினலின், அட்ரோபின், ஆக்ஸிடோசின், மக்னீசியம் சல்பேட், இன்சுலின், ஹெபாரின், நியோஸ்டிக்மின், பாம்புக்கடி மருந்து, வலிப்பு மருந்துகள் என்று பட்டியல் தானாக வளரும். அந்த முப்பதைத் தினமும் காலையில் நேரில் போய் எண்ணு. முப்பது மருந்து, முப்பது நாள் என்றால் 900 'மருந்து நாட்கள்'. அதில் 45 இல்லை என்றால் இருப்பு 95 சதவீதம்.

ஆனால் அந்த ஒற்றைச் சதவீதத்தை மட்டும் அறிக்கையில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடாதே. பிரசவ வார்டில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் ஒரு நாள் இல்லாததும், விட்டமின் மாத்திரை முப்பது நாள் இல்லாததும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. வைட்டல் மருந்துகளின் கணக்கைத் தனி வரியில், மருந்தின் பெயரோடு காட்டு.

எண்ணும்போது கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். திரையில் 40 என்று இருக்கும். போய்ப் பார்த்தால் 15 எக்ஸ்பைரி, 10 தரப் பரிசோதனைக்காக நிறுத்திவைத்தது, மீதி யாரோ வார்டுக்கு எடுத்துப்போய் என்ட்ரி போடாதது. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். கரன்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடாகிக் கெட்டிருந்தால், பெட்டி நிறைய இருந்தாலும் அது இல்லாத மருந்துதான்.

ஏன் வரவில்லை என்று கேள்

'எப்போது வரும்?' என்று ஸ்டாக்கிஸ்டிடம் கேட்டால் 'அடுத்த வாரம் மேடம்' என்பார். 'ஏன் வரவில்லை?' என்று கேள். டிப்போவில் இல்லையா, கம்பெனியிலேயே தயாரிப்பு நின்றதா, மூலப்பொருள் பிரச்சினையா, இல்லை நம் பழைய பில் பாக்கியா? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேள். தனியார், டிரஸ்ட் மருத்துவமனைகளில் ஷார்ட்டேஜ் என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு, ஊரெல்லாம் கிடைக்கும் மருந்து நமக்கு மட்டும் வராமல் இருப்பதுதான். அதற்கு மருந்தியல் தீர்வு எதுவும் கிடையாது. எந்தெந்த உயிர்காக்கும் மருந்து எந்தெந்த பில்லுக்காக நிற்கிறது என்று எழுதி நிர்வாகத்தின் மேஜையில் வைப்பது உன் வேலை.

கம்பெனியே தயாரிக்கவில்லை என்றால் அது வேறு கதை. பழைய, மலிவான, தவிர்க்க முடியாத மருந்துகள்தான் அடிக்கடி காணாமல் போகின்றன. லாபம் சுருங்கச் சுருங்கத் தயாரிப்பவர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள், ஒருவரோ இருவரோ மிஞ்சுவார்கள். 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் பதினொரு வடிவங்களுக்கு உச்சவிலையை 50 சதவீதம் உயர்த்தியது. நாம் சொன்ன அட்ரோபின் ஊசி, பென்சைல் பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின், சால்புடமால், லித்தியம், தலசீமியா குழந்தைகளுக்கான டெஸ்ஃபெரியாக்சமைன் எல்லாம் அதில் உண்டு. மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, இந்த விலையில் கட்டுப்படியாகாது, நிறுத்திக்கொள்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் விண்ணப்பித்ததுதான் காரணம். 2019இல் 21 வடிவங்களுக்கும், 2021இல் 9 வடிவங்களுக்கும் இதேபோல் உயர்த்த வேண்டிவந்தது. விலையை ஏழைகளுக்காகக் கட்டுப்படுத்துவது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மருந்தே வராத அளவுக்கு விலை உறைந்துபோனால் அதே ஏழைதான் முதலில் அடிபடுவான். இந்தப் பட்டியல்களை வெட்டி உன் நோட்டில் ஒட்டிவை. அடுத்து எது மறையக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடைக்காது.

ஒரே இடத்தில் தயாராகும் மருந்து எவ்வளவு ஆபத்து என்பதற்கு அமெரிக்காவைப் பார். 2022 கடைசியில் குஜராத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையை அமெரிக்க அதிகாரிகள் சோதித்துத் தரக் குறைபாடுகளைக் கண்டார்கள், உற்பத்தி நின்றது. 2023இல் அங்கே பெரிய புற்றுநோய் மையங்களில் எடுத்த கணக்கெடுப்பில், 93 சதவீத மையங்களில் கார்போபிளாட்டினும் 70 சதவீத மையங்களில் சிஸ்பிளாட்டினும் தட்டுப்பாடு. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி வட கரோலினாவில் ஒரே ஒரு ஆலையை மூழ்கடித்தது. அந்த நாட்டின் டிரிப் திரவத்தில் சுமார் 60 சதவீதம் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அங்கே மருத்துவமனைகள் செய்ததை நாமும் செய்யலாம். வாயால் குடிக்க முடிந்தவருக்கு டிரிப் எதற்கு என்று கேட்டார்கள். நூறு மி.லி. பாட்டிலில் கலந்து ஏற்றும் மருந்துகளில், நேராக மெதுவாகச் செலுத்தக்கூடியவற்றை அப்படிச் செலுத்தினார்கள். டிரிப்பிலிருந்து மாத்திரைக்கு மாற வேண்டிய நோயாளிகளை மருந்தாளுநரே தினமும் பட்டியலிட்டு டாக்டருக்கு நினைவூட்டுவது, தட்டுப்பாடு இல்லாத நாளிலும் நல்ல பழக்கம்தான்.

தட்டுப்பாடு வந்துவிட்டது, முதல் நாள் என்ன செய்வது?

முதலில் கட்டடம் முழுக்கத் தேடு. தியேட்டர், ஐ.சி.யூ., லேபர் வார்டு, கேஷுவாலிட்டி, டயாலிசிஸ். ஒவ்வொரு அலமாரியிலும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். பற்றாக்குறை என்ற பேச்சு கிளம்பியதுமே சிஸ்டர்கள் தங்கள் நோயாளிகளுக்காக எடுத்துப் பதுக்கிவைப்பார்கள். அது அக்கறையால் செய்வது, திட்டாதே. 'எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் உங்கள் நோயாளிக்கும் கிடைக்கும், பக்கத்து வார்டுக்கும் கிடைக்கும்' என்று சொல்லிக் கேட்டு வாங்கு. க்ராஷ் கார்ட்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத்தில் மட்டும் கை வைக்காதே.

அடுத்து, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு. இதை நீ தனியாக எடுக்காதே. இரவு டியூட்டியில் கவுன்டரில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் தலையில் கட்டவே கூடாது. ஒரு பொது மருத்துவர், ஒரு மயக்கவியல் நிபுணர், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், நீ. இந்த நால்வரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எந்த நோய்க்கு முதலில், எதற்கு மாற்று, எதைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். யாருக்கு வேண்டியவர், எந்த அறையில் இருப்பவர் என்பது அந்தத் தாளில் வரவே கூடாது. 2022 மார்ச் கடைசியில், இலங்கையில் அன்னியச் செலாவணி தீர்ந்து மருந்து இறக்குமதி தடுமாறியபோது, பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தி, இருந்த மருந்தை அவசரச் சிகிச்சைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். மனம் கனக்கும் முடிவு. ஆனால் அந்த முடிவை நிறுவனமே எடுத்து அறிவித்தது, நள்ளிரவில் தனியாக ஒரு டாக்டரோ மருந்தாளுநரோ எடுக்க நேரவில்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால்பவுடரோடு மருந்தும் கப்பலில் போனது உனக்கு நினைவிருக்கும்.

மாற்று மருந்து கொடுக்கும்போதுதான் விபத்து நடக்கும். தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு முறை படி. மருந்து அதே, ஸ்ட்ரெங்த் வேறு என்பதுதான் மிக ஆபத்தான மாற்று. ஹெபாரின் மி.லி.க்கு 1,000 யூனிட்டும் உண்டு, 5,000 யூனிட்டும் உண்டு. கை பழகிய சிஸ்டர் வழக்கம்போல 'ஒரு மி.லி.' இழுத்தால் ஐந்து மடங்கு. இன்சுலின் இன்னும் மோசம். நம் நாட்டில் வயல்களில் மி.லி.க்கு 40 யூனிட் பரவலாக இருக்கிறது, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 40 கிடைக்கவில்லை என்று 100 யூனிட் வயல் வாங்கி, அதே சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு டோஸ் ஏறும். சர்க்கரை இறங்கி நோயாளி நினைவிழந்துபோவார். 100 யூனிட் வயல் வெளியே போனால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் கூடவே போக வேண்டும். பெட்டியின் மேல் பெரிதாக எழுது, வார்டுக்குப் போய் நேரில் சொல், வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் என்றால் ஊசி போடும் ஆளையே அழைத்து இழுத்துக் காட்டச் சொல்.

மருந்தை மிச்சப்படுத்த முறையான வழிகள் உண்டு. நாய்க்கடித் தடுப்பூசியைத் தசையில் போடுவதற்குப் பதில் தோலுக்குள் 0.1 மி.லி. வீதம் இரண்டு இடத்தில் போடும் முறையை இந்தியா 2006இலேயே ஏற்றுக்கொண்டது. ஒரே வயல் பல பேருக்கு வரும். ரேபீஸ் இம்யூனோகுளோபுலினைக் காயத்திலும் அதைச் சுற்றியும் செலுத்தினால் போதும், மீதியைத் தசையில் போட வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. எளிதில் கிடைக்காத அந்த மருந்து அதனால் இன்னும் சிலருக்குக் கிடைக்கும். கீமோ மருந்துகளில் ஒரே மருந்து எடுப்பவர்களை ஒரே நாளில் வரவழைத்தால் வயலில் மிஞ்சுவது வீணாகாது. ஆனால் இதெல்லாம் வழிகாட்டு நெறிமுறையும், கிருமியில்லாமல் பிரிக்கும் வசதியும் இருந்தால் மட்டும். சாதாரண மேஜையில் வைத்து ஒரு வயலை நாலு பேருக்குப் பிரிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

பில் இல்லாத மருந்து எவ்வளவு அவசரமானாலும் உள்ளே வரக் கூடாது. 2021 கொரோனா கோடையில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் வாங்க இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றது உனக்குத் தெரியும். பிறகுதான் அரசு அந்த விற்பனையை நிறுத்தி, மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு மாறியது. அதே வாரங்களில் குஜராத்தில் குளுக்கோஸும் உப்பும் கலந்த போலி ரெம்டெசிவிரைப் போலீஸ் பிடித்தது. இத்தனைக்கும் அந்த மருந்தை வழக்கமாகக் கொடுக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. தட்டுப்பாடு என்ற சொல்லே தேவையைப் பெருக்கும். ஒரு மருந்துக்கு அலைமோதும்போது, 'இது உண்மையில் யாருக்குப் பயன்படும்?' என்று டாக்டர்களிடம் கேட்க மருந்தாளுநருக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. பக்கத்து மருத்துவமனையிடம் கைமாற்று வாங்கினால்கூட வவுச்சர், பேட்ச் எண், எக்ஸ்பைரி, குளிர்ப்பெட்டியில் வந்ததா என்ற குறிப்பு எல்லாம் வேண்டும்.

அரசு மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொண்டுவந்த பாஸ்புக் முறையைச் சும்மா சம்பிரதாயமாகப் பார்க்காதீர்கள். உங்கள் மருத்துவமனைக்கு எவ்வளவு தொகை, அதில் எவ்வளவு மருந்து எடுத்தாயிற்று என்பது ஒரே புத்தகத்தில் இருக்கிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துக்கொண்டுபோன முறை அது. கிடங்குக்கு இன்டென்ட் கொண்டுபோகும்போது, கேட்டதும் கிடைத்ததும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். நூறு மருந்து கேட்டு எத்தனை முழுசாகக் கிடைத்தது என்ற விகிதம், லோக்கல் பர்ச்சேஸுக்கு அனுமதி கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான காகிதம்.

நோயாளியிடம் 'இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பாதே. ஜெனரிக் பெயரும் ஸ்ட்ரெங்த்தும் தெளிவாக எழுதிக் கொடு, தோராய விலை சொல், எந்தக் கடையில் இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் சொல். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் மூன்று கடை ஏறி இறங்கினால் ஒரு நாள் சம்பளம் போகும். தொடர்ந்து எடுக்க வேண்டிய மருந்துகளில் இன்னும் கவனம். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் எடுப்பவருக்கு இரண்டு நாள் விட்டுப்போனாலே வலிப்பு வரலாம். லித்தியம் திடீரென நின்றால் அடங்கியிருந்த நோய் திரும்பும், பிராண்டு மாறினால் ரத்த அளவு பார்க்க வேண்டும். இவர்களின் போன் எண்களைத் தனியாக வைத்துக்கொள். இருப்பு ஒரு மாதத்துக்குக் கீழே போகும்போதே முப்பது நாளுக்குப் பதில் பதினைந்து நாளுக்குக் கொடு, எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கும். தீர்வதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்.

சரக்கு திரும்ப வரும் நாளும் கவனம் தேவைப்படும் நாள்தான். பட்ட அவதியில் மூன்று மடங்கு ஆர்டர் போடத் தோன்றும், போடாதே. ஆறு மாதத்தில் அது எக்ஸ்பைரி பெட்டிக்குப் போகும், எங்கேயோ இன்னொரு மருத்துவமனைக்குக் கிடைக்காமல் போகும். திருத்திய மாதத் தேவைப்படியே போடு. முன்னுரிமைத் தாள் இன்றோடு முடிந்தது என்று எழுத்தில் அறிவி. பிறகு வார்டு வார்டாக நீயே போய், மாற்றாக அனுப்பிய ஸ்ட்ரெங்த்களைத் திரும்ப வாங்கு. 1,000 யூனிட், 5,000 யூனிட் இரண்டு ஹெபாரினும் ஒரே தட்டில் கிடக்க ஒரு நாள்கூட விடாதே. 100 யூனிட் இன்சுலின் வயல்களை எண்ணி எடுக்கும்போது, கூட அனுப்பிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளையும் எண்ணி வாங்கிக்கொண்டு வா.